புகை நின்ற நாள்

அப்பாவின் திதி அன்று இன்சுக் இதுவரை ஒரு பலகாரத்தைக்கூடக் கருகவிட்டதில்லை. இன்று காலையிலேயே மூன்று மீன் துண்டுகள் கரியாகிவிட்டன.

அடுப்பின் மேல் பழி போட முடியாது. பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவர்தான் காரணம். போன வாரம் ஆற்றங்கரையிலிருந்து சேறு அப்பிய பூட்ஸோடு வந்த மா தேசிக், அதைக் கழற்றக்கூடப் பொறுமை இல்லாமல் வாசலில் நின்றபடியே சொன்னது இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

"உங்க அப்பா எங்கிட்ட பொய் சொல்லியிருக்கார், இன்சுக்."

ஆற்றங்கரையில் பார்த்ததையெல்லாம் சொல்லி முடித்தார். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. "சாப்பாடு ஆறுது", "மாத்திரை எங்க" என்பதெல்லாம் பேச்சில் சேராது.

மா தேசிக்கைத் தெரியாதவர்கள் சுன்சோன் ஊரில் குறைவு. ராணுவக் கல்லூரியில் தலை நரைக்கும்வரை போர் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். படைப்பிரிவுகளின் கதையை எழுதியிருக்கிறார். குளிர்காலப் பின்வாங்கல்களைப் பற்றி அவர் எழுதிய தடிமனான நூலை, படிக்காதவர்கள்கூடக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'காலண்டர்'. நாள் தெரியாத சண்டையைப் பற்றி எவனாவது வாயைத் திறந்தால் வகுப்பைவிட்டே விரட்டிவிடுவாராம்.

ஆனால் அவரை ஊர் அறியச் செய்தது அவருடைய முதல் புத்தகம், 'குன்றின் ஏழு பேர்'. போரின் இரண்டாம் வருடம், சந்திரக் கணக்கில் பத்தாம் மாதம் மூன்றாம் நாள், ஆற்றுக்கு இந்தப் பக்கக் குன்றின்மேல் ஏழு சிப்பாய்கள் கடைசித் தோட்டா வரை நின்று செத்தார்கள். காயம்பட்ட தங்கள் கேப்டனைக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிட்டு, திரும்பவும் மேலே ஏறிப்போய்ச் செத்தார்கள். அந்தக் கேப்டன் பாங்தான் இன்சுக்கின் அப்பா. கர்னலாக ஓய்வு பெற்று, மெடல்களோடு புதைக்கப்பட்டவர்.

அப்பாவைப் பேட்டி காண வந்த இளம் அதிகாரி மா தேசிக்குக்கு இலந்தைப்பழத் தேநீர் கொண்டுபோய் வைத்தவள் இன்சுக். அந்த அதிகாரி தேநீரையும் கேட்டு வாங்கிக் குடித்தார், மூன்று மாதத்தில் பெண்ணையும் கேட்டார். வரைபடத்தில் பார்க்க வேண்டியதை அவர் அந்த மூன்று மாதமும் சரியாகப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஏனென்றால் ஏழு பேரின் எலும்புகளும் இந்த வருடம் கிடைத்துவிட்டன. குன்றில் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில், ஒரு பாறை இடுக்கில்.

*

பத்து மணிக்கு அண்ணன் கியுசோல் சியோலிலிருந்து போன் செய்தான். அண்ணி சர்ச்சுக்குப் போக ஆரம்பித்த பிறகு அவன் வீட்டில் படையல் கிடையாது. மூத்த மகன் செய்ய வேண்டிய திதி மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. செய்கிறவள் இவள், யோசனை சொல்கிறவன் அவன்.

இன்றைக்கும் யோசனைதான். படைப்பிரிவின் வாசலில் அப்பாவுக்கு வெண்கலச் சிலை வைக்கப்போகிறார்கள், குடும்பத்தின் சார்பில் நீதான் பேச வேண்டும் என்று ஆரம்பித்து, மாப்பிள்ளையின் வாயைக் கொஞ்ச நாளைக்குக் கட்டிப்போடு என்பதில் வந்து முடித்தான். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது, அதனால் அவரைப் பற்றிக் கேள்வி கேட்பதும் அசிங்கம் என்றான்.

"செத்தவங்க ஏழு பேரு அந்தப் பக்கமும் இருக்காங்களே அண்ணா" என்று இன்சுக் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது கணவர் பேசுகிற மாதிரி இருப்பது அவளுக்கு உறைத்தது. அண்ணன் போனை வைத்துவிட்டான்.

மத்தியான ரயிலில் மகள் யூரிம் வந்தாள். அப்பாவின் புத்தகங்களை வெளியிடும் பதிப்பகத்தில்தான் அவளுக்கு வேலை. வந்ததும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, கேட்காமலே கஷ்கொட்டையைத் தோலுரிக்க உட்கார்ந்தாள். கெட்ட செய்தி இருந்தால்தான் இவள் இப்படிக் கேட்காமல் வேலை செய்வாள்.

"புதுப் பதிப்பு அச்சுக்குப் போகுதும்மா. அப்பா மூணு அத்தியாயத்தை முழுசா மாத்திட்டார்."

"என்னன்னு மாத்திட்டார்?"

யூரிம் கத்தியைக் கீழே வைத்தாள். ஏழு பேரும் குன்றில் சாகவில்லை, அக்கரையில் காவல் இருந்தார்கள். எதிரி நெருங்கியதும் கேப்டன் நடைபாலத்தின் கயிறுகளை வெட்டச் சொன்னார். ஏழு பேர் அந்தப் பக்கம் நிற்பது தெரிந்தேதான் வெட்டச் சொன்னார். பாறை இடுக்கில் சாம்பல் அடுக்கடுக்காகக் கிடக்கிறது, அதனால் பாலம் போன பிறகும் அவர்கள் பல நாள் உயிரோடு இருந்து தீ மூட்டியிருக்கிறார்கள். இவ்வளவும் சொன்ன யூரிம், கடைசியாக ஒன்றை மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"எல்லாம் எழுதிட்டார். செத்த நாளை மட்டும் எழுதலை. அந்த இடம் காலியா இருக்கு. அப்பா ஒரு இடத்தைக் காலியா விட்டு நான் பார்த்ததே இல்லைம்மா."

நான்காவது மீன் துண்டு கருகியது அப்போதுதான்.

இன்சுக் வாணலியை இறக்கி வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனாள். முட்டைக்கோஸ் மூட்டைகள் கிம்ச்சி ஊறுகாய்க்காகக் காத்துக் கிடந்தன. அவற்றில் ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த நாள் அவளுக்குத் தெரியும். உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, பத்தாம் மாதம் எட்டாம் நாள் வந்தால் அப்பா பின்கட்டில் வடக்கு பார்த்து ஒரு மேஜை போடுவார். கிண்ணங்களில் சாதம் வைத்து, செத்தவர்களுக்குப் படைப்பதுபோல ஒவ்வொன்றிலும் ஸ்பூன் குத்தி நிறுத்தச் சொல்வார். அம்மாவை அந்தப் பக்கம் விடமாட்டார். இன்சுக்தான் வைப்பாள். யாருக்கு அப்பா என்று கேட்டால், பசியோட இருக்கிறவங்களுக்கு என்பார். பிற்பாடு புத்தகம் வந்து மூன்றாம் நாள் என்று ஊரே சொல்ல ஆரம்பித்ததும் அம்மா கேலி செய்தாள். தன் ஆட்கள் செத்த நாளே மறந்துபோச்சு பார் உங்கப்பாவுக்கு, ஐந்து நாள் தாமதமாகப் படைக்கிறார், எல்லாம் குடிதான் என்றாள். அப்பா மறுத்துப் பேசவில்லை.

ஒரே ஒரு வருடம், போதை தலைக்கேறி, கிண்ணங்களுக்கு முன்னால் நெற்றியைத் தரையில் வைத்தபடி அவர் முணுமுணுத்தார். "இன்னிக்குத்தான் புகை நின்னுச்சு."

பெண்ணுக்கு அன்றைக்குப் புரியவில்லை. எந்த அடுப்புப் புகையோ என்று நினைத்துக்கொண்டாள். போன வாரம் கணவர் சாம்பலைப் பற்றிச் சொன்ன அந்த நிமிடத்திலிருந்து புரிகிறது. பாலத்தை வெட்டிய மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாளும் அப்பா இக்கரையில் நின்று அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எட்டாம் நாள் காலையில் பார்க்க எதுவும் இல்லை.

இதை வெளியே சொன்னால் அப்பா மறந்தவரும் இல்லை, ஏமாந்தவரும் இல்லை என்று ஆகிவிடும். தெரிந்தே ஊரை ஏமாற்றியவர் என்று ஆகும். அடுப்பில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தன் கோட்டுக்குள் வைத்துச் சூடு ஆறாமல் இவளுக்குக் கொண்டுவந்த அப்பா. அவரை இவள் வாயாலேயே காட்டிக்கொடுக்க வேண்டும். முடியாது என்று நினைத்தாள். நினைத்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

*

சாயங்காலம் மா தேசிக் அறையைவிட்டு வந்தார். சவரம் செய்து, கறுப்பு சூட் போட்டிருந்தார். ஓவியம் தீட்டிய மடிப்புப் படத்திரையை விரித்து வைத்து, மேஜையை அதன் முன்னால் நகர்த்தினார். பேரிக்காயின் உச்சியைச் சீவினார். ஒவ்வொரு வருடமும் செய்வதுதான், ஒன்றும் குறையவில்லை.

"மது ஊத்துறேன். விழுந்து கும்பிடுறேன். ஆனா அவரைப் படையலுக்குக் கூப்பிடுற அந்த அழைப்பை இந்த வருஷம் படிக்க மாட்டேன், இன்சுக். 'குன்றைக் காத்த வீரரே'ன்னு என்னால வாசிக்க முடியாது."

"நீங்க எழுதினதுதானே அது?"

"அதனாலதான்."

அவள் சூப் கிண்ணங்களை அடுக்கினாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். "நாள் இல்லாம உங்க புஸ்தகம் வெளிய வராதா?"

"வரும். தெரியலைன்னு போட்டுடலாம். என் பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுது, இந்த வயசுல அதை வெச்சு என்ன பண்ணப்போறேன்." அவர் பேரிக்காயை நேராக்கி வைத்தார். "பாலத்தை வெட்டினது தப்புன்னு நான் எழுதலை. அங்க நான் இருந்திருந்தா நானும் வெட்டியிருப்பேன், பின்னாடி இருநூறு பேர் இருந்தாங்க. அதை அவர் சொல்லியிருக்கலாம். நானும் ஆத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்திருக்கலாம். அது தடை செஞ்ச பகுதின்னு ஒரு சாக்கு கிடைச்சுது எனக்கு."

சாக்கு மட்டும்தானா கிடைத்தது என்று அவள் நினைத்தாள். இலந்தைப்பழத் தேநீரைப் பற்றி இருவருமே பேசவில்லை.

"ஓக்னாம் அக்கா வருவாங்க" என்றார் அவர். "கேப்பாங்க. நான் மறைக்க மாட்டேன்."

"திதி முடியற வரைக்குமாவது."

"அவங்க கும்பிடறதுக்கு முன்னாடி கேட்டா, கும்பிடறதுக்கு முன்னாடி சொல்லிடுவேன்."

*

சா ஓக்னாம் ஒவ்வொரு வருடமும் வருவாள். சார்ஜண்ட் சாவின் மகள். புத்தகத்தில் கேப்டனை முதுகில் சுமந்து கீழே இறக்கியவர் அந்த சார்ஜண்ட்தான். அவர் போனபோது இவள் கைக்குழந்தை. இவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், பனிக்காலத்துக்குப் பூட்ஸ் வாங்கித் தந்ததும், கல்யாணத்தில் அப்பா இடத்தில் நின்றதும் கர்னல் பாங். அவரை 'கர்னல் அப்பா' என்றுதான் கூப்பிடுவாள். அவர் போன பிறகும் திதிக்கு ஒரு வருடம் தவறியதில்லை.

இந்த வருடமும் உலர்ந்த மீனும் ஒரு பெட்டி பேரிக்காயும் கொண்டுவந்திருந்தாள். பெட்டியை யூரிமிடம் கொடுத்தாள். கோட்டை மட்டும் கழற்றவில்லை.

"வா அக்கா, உள்ள வா, குளிரு" என்று இன்சுக் கையைப் பிடித்தாள். கை விறைத்திருந்தது.

"ஒண்ணு கேட்டுட்டு உக்காருறேன் தங்கச்சி." ஓக்னாம் மா தேசிக்கைப் பார்த்தாள். "புரொபசர், எலும்பு எடுத்தவங்க எங்க வீட்டுக்கு வந்தாங்க. என் எச்சிலை எடுத்துட்டுப் போய்ப் பார்த்து, இது உங்க அப்பாதான்னு சொன்னாங்க. எங்க இருந்துச்சுன்னு கேட்டேன். ஆத்துக்கு அந்தப் பக்கம்னாங்க. குன்று இந்தப் பக்கம்தானே இருக்கு?"

அவர் சொன்னார். நின்றபடியே, வகுப்பில் சொல்வதைவிட மெதுவாக, ஒன்றையும் மழுப்பாமல் சொன்னார். பாலத்தைச் சொன்னார், சாம்பலைச் சொன்னார். யாரும் யாரையும் முதுகில் சுமக்கவில்லை என்றும் சொன்னார். நான் கேட்டதை எழுதினேன், போய்ப் பார்க்கவில்லை, அது என் தவறு என்று சொல்லித் தலை குனிந்தார். யூரிம் பேரிக்காய்ப் பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்திருந்தாள்.

ஓக்னாம் அழவில்லை. படத்திரைக்கு முன்னால் சட்டத்துக்குள் மெடல்களோடு சிரிக்கும் கர்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப மூணாம் நாள்ங்கிறதும் பொய்."

"பொய்தான் அக்கா."

"எங்கம்மா முன்னெல்லாம் ஒம்பதாம் மாசம் ஒம்பதாம் நாள்தான் படைப்பா. செத்த நாள் தெரியாதவங்களுக்கு எல்லாம் அந்த நாள்தானே. உங்க புஸ்தகம் வந்ததும் தெருவெல்லாம் சொன்னா, என் வீட்டுக்காரருக்குத் தனியா நாள் கிடைச்சிருச்சுன்னு. அதுக்காகவே புதுசா ஒரு கிண்ணம் வாங்கினா." அவள் கோட்டின் பித்தானைத் தடவினாள். "இப்ப மூணு நாள் முன்னாடியும் வெச்சோம். சூடா வெச்சோம். அவர் எங்க சாப்பிட்டிருப்பார், அவருக்கு அன்னிக்கு நாளே இல்லையே. அப்ப எது நாள், புரொபசர்?"

"தெரியலை அக்கா. எவ்வளவோ தேடிட்டேன். எங்கயும் இல்லை."

"சரி" என்றாள் ஓக்னாம். "மறுபடி ஒம்பதாம் நாளுக்கே போயிடறோம். ஊர் பேர் இல்லாதவங்களோட சேர்ந்து சாப்பிடட்டும்."

அந்த இடத்தில் இன்சுக்கால் தாங்க முடியவில்லை. அண்ணன் நினைவுக்கு வந்தான், வெண்கலச் சிலை வந்தது, கோட்டுக்குள் சூடாக இருந்த கிழங்கு வந்தது. அத்தனையையும் தாண்டி, ஸ்பூன் குத்திய சாதக் கிண்ணங்களின் ஆவி தெரிந்தது. அவள் கையால் வைத்த கிண்ணங்கள். அதில் ஒன்று இந்த அக்காவின் அப்பாவுக்கு.

"எட்டாம் நாள்" என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"பத்தாம் மாசம் எட்டாம் நாள் அக்கா. எங்கப்பா வருஷா வருஷம் அன்னிக்குப் பின்கட்டுல சாதம் வெப்பார். நான்தான் எடுத்து வெப்பேன். ஒரு வருஷம் குடிச்சிட்டுச் சொன்னார், இன்னிக்குத்தான் புகை நின்னுச்சுன்னு." அதோடு நிறுத்தவில்லை. "அவருக்குத் தெரியும் அக்கா. எல்லாம் தெரியும். ஐஞ்சு நாளும் பார்த்துட்டுத்தான் இருந்திருக்கார். உன் கல்யாணத்துல உன் கையைப் பிடிச்சு நின்னப்பவும் தெரியும். எனக்குப் போன வாரம்தான் புரிஞ்சுது. இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

இத்தனை வருடமாக எந்த அலுவலகத்திலும் எந்த மலையிலும் கிடைக்காத நாள் தன் சமையலறையில் இருந்திருக்கிறது என்பதை மா தேசிக்கின் முகம் மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டது. அவர் கை தன்னையறியாமல் சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட்டது. பிறகு வெட்கப்பட்டு அதை விட்டுவிட்டது.

ஓக்னாம் கர்னலின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். விழுந்து கும்பிடப்போகிறாள் என்று இன்சுக் நினைத்தாள். அவள் கும்பிடவில்லை. படையலில் கோணலாக இருந்த உலர்ந்த மீனை மட்டும் நேராக வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இன்னிக்கு என்ன நாள்?"

"ஆறு" என்றாள் யூரிம் தணிந்த குரலில்.

"அப்ப நாளன்னிக்கு." ஓக்னாம் செருப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டு பூட்ஸுக்குள் காலை நுழைத்தாள். "நாளன்னிக்கு எங்க வீட்டுல வெப்பேன். நீ வரணும் இன்சுக். சாதத்தை நீதான் வெக்கணும். எங்கம்மாவை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வர்றேன். இப்ப எங்கிட்ட சொன்னதை வார்த்தை மாறாம அவகிட்ட சொல்லு."

தங்கச்சி என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை இன்சுக் கவனித்தாள்.

மா தேசிக் ஓரடி முன்னால் வந்து, தானும் வருவதாகச் சொன்னார். எழுதியது நான், அதனால் சொல்ல வேண்டியதும் நான்தான் என்றார்.

"வேண்டாம் புரொபசர். உங்களுக்கு நாள் கிடைச்சிருச்சு இல்ல, நீங்க உக்காந்து எழுதுங்க. எங்கம்மா இருபது வருஷமா தினம் உங்க கர்னலுக்கும் சேர்த்துக் கும்பிடுறா. இவ சொல்லட்டும்."

செத்தவரின் ஆவி வந்து போவதற்காகத் திறந்து வைத்திருந்த கதவு வழியே குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஓக்னாம் அதைத் தாண்டி வெளியே போய், லிப்ட் பொத்தானை அழுத்தினாள். அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கம்மாவுக்கு ஞாபகம் அடிக்கடி தப்பும். ஆனா காது நல்லாக் கேக்கும். மெதுவா சொன்னா போதும்."